சங்கீத ஆசிரியரும் மாணவர் மனத்துணிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 சங்கீதத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இராகங்களின் இயல்பு, தாளங்களின் நுட்பம், கீர்த்தனங்களின் பெருமை என்று பேசிக்கொண்டே போகலாம். அவற்றைப் பேசவல்ல வித்துவான்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட விடயம் அவ்வளவு பெரியதன்று. சங்கீதம் பயில வருகின்ற பிள்ளை அச்சமின்றி வாய் திறந்து பாடுவதற்கு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. பார்வைக்குச் சிறிதாயினும், இதிலே தவறினால் மற்றவை எல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும் என்பது எமது கருத்து.

கண்டி மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் சங்கீதம் கற்க வழியில்லை என்று இன்று சொல்ல முடியாது. ஆசிரியர் உள்ள பாடசாலைகளில் 6 ஆம் தரம் முதல் அழகியற் பாடங்களுள் ஒன்றாகக் கர்நாடக சங்கீதம் கற்பிக்கப்படுகிறது. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் அதனை ஒரு பாடமாக எடுக்கலாம். 1931 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்து, இறுதியிலே சித்தியெய்தியோருக்குக் கலாவித்தகர் என்னும் பட்டம் வழங்குகிறது. மருதனார்மடத்திலே 1960 இல் இராமநாதன் பெயரால் எழுந்த இசைக் கல்லூரி, 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகி, நாடு முழுவதற்கும் சங்கீத ஆசிரியர்களைத் தந்துவருகிறது. விஜயதசமி நாளிலே தாம்பூலத் தட்டேந்திக் குருவின் முன் வந்து நிற்கும் சின்னஞ் சிறுவரைக் காணுந்தோறும் எமது நெஞ்சம் குளிர்கிறது.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அன்று வந்த பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டு கழித்து எங்கே போனார்கள்? தொடங்குவோர் பலர், நிலைப்போர் சிலர். நிலைத்தவர்களிலும், வகுப்பிலே பாயிற் கூடியிருந்து பாடுகிறவர்கள், நவராத்திரி மண்டபத்திலே தனித்து ஒரு தேவாரம் பாடும்படி கேட்டால் தலை குனிந்து தாயாரின் பின்னே ஒதுங்குகிறார்கள். இதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. "பிள்ளைக்குச் சாரீரம் இல்லை, ஞானம் போதாது" என்பார்கள். சிலருக்கு அது பொருந்தலாம். பெரும்பாலான பிள்ளைகளிடம் இல்லாமற் போனது குரலன்று; துணிவே. அந்தத் துணிவு பிறவியிலே வருவதன்று. வகுப்பறையிலே வளர்வது, வகுப்பறையிலேயே வாடியும் போவது. ஆகவேதான் ஆசிரியரைப் பற்றிப் பேச முன்வந்தோம்.

துணிவு என்றால் என்ன? சபையிலே கூசாமற் குதிப்பதைத் துணிவு என்று நாம் கொள்ளவில்லை. "இதனை நான் முன்பு செய்திருக்கிறேன், இன்னொரு முறையும் செய்வேன்" என்று உள்ளம் தன்னிடமே சொல்லிக்கொள்ளும் உறுதிதான் துணிவு. அல்பேர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞர் இதனை ஆராய்ந்து 1977 இல் எழுதினார். மனிதனுக்குத் தன் ஆற்றலில் நம்பிக்கை பிறப்பதற்கு நான்கு ஊற்றுக்கள் உண்டு என்பது அவர் துணிபு. தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது இரண்டாவது. நம்பத் தகுந்தவர் சொல்லும் ஊக்கமொழி மூன்றாவது. உடலிலே தோன்றும் படபடப்பும் அமைதியும் நான்காவது. இவற்றுள் முதலாவதே வலியது என்றார் அவர். நம் முன்னோர் இதனை நூலாக எழுதாவிடினும் நடைமுறையிலே நன்கு அறிந்திருந்தார்கள். எப்படி என்று சற்று நோக்குவோம்.

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அவர் வாழ்ந்த காலம் 1484 முதல் 1564 வரை என்பர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று அவர் காட்டிய வழியிலேதான் இன்றும் நம் பிள்ளைகள் நடக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டாக இது நிலைத்ததற்குக் காரணம் என்ன? பழையது என்பதற்காக மாத்திரம் ஒன்று இவ்வளவு காலம் நிலைப்பதில்லை. இதிலே பிள்ளையின் மனம் அறிந்த ஒரு நுட்பம் இருக்கிறது.

முதற் பாடம் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. ஏறும்போது எட்டுச் சுவரம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். விரலுக்கு ஒரு சுவரமாகப் பிள்ளை பற்றிக்கொண்டு போகலாம். இன்னும் ஒரு சிறப்பு உண்டு. இந்த இராகத்திலே ச, ரி, க, ம என்னும் கீழ்ப்பாதியின் இடைவெளிகள் எப்படி அமைந்திருக்கின்றனவோ, அப்படியே ப, த, நி, ச என்னும் மேற்பாதியும் அமைந்திருக்கிறது. கீழ்ப்பாதி கைவந்த பிள்ளைக்கு மேற்பாதி முற்றும் புதியதன்று. தெரிந்த வழியையே இன்னும் உயரத்தில் நடப்பது போன்றது. சரளி முடிந்து, ஜண்டை முடிந்து, ஏழு தாளத்து அலங்காரமும் முடிந்தபின் முதலிலே சொல்லிக்கொடுப்பது மலகரி இராகத்துப் பிள்ளாரி கீதங்கள். அந்த மலகரி மாயாமாளவகௌளையிலே பிறந்தது. அதிலே நிஷாதம் இல்லை. புதிய சுவரம் ஒன்றேனும் இல்லை. பிள்ளை தன் வாழ்நாளிலே பாடும் முதற் பாட்டு, தான் ஏற்கெனவே வென்று முடித்த சுவரங்களால் ஆன பாட்டு! "எனக்கும் பாட வருகிறது" என்று அது வீட்டுக்கு ஓடிச்சென்று சொல்லும். அந்த ஓட்டத்துக்காகவே முன்னைய பாடங்கள் அத்தனையும் அமைந்தன என்று நாம் எண்ணுகிறோம்.

இந்தப் படிமுறையைக் குலைப்பவர் யார்? ஒரு பக்கம் பெற்றோரின் அவசரம். "எப்போது பாட்டுச் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று மூன்றாம் மாதமே கேட்கிறார்கள். மறுபக்கம் பரீட்சையின் அவசரம். அலங்காரம் மூன்றாங்காலத்தில் நில்லாத பிள்ளைக்குப் பரீட்சைத் திகதி நெருங்கிவிட்டதென்று வர்ணத்தைத் திணிக்கிறோம். பிள்ளை கிளி போல் ஒப்புவித்துச் சித்தியும் அடைகிறது. ஆனால் காலுக்குக் கீழே உறுதியான படி இல்லை என்பது அதன் உள்மனத்துக்குத் தெரியும். சான்றிதழ் சுவரிலே தொங்குகிறது. குரல் தொண்டைக்குள்ளே ஒடுங்குகிறது. பரீட்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பரீட்சை பிள்ளையின் வளர்ச்சியை அளக்கும் கோலாக இருக்கட்டும். பிள்ளையை ஓட்டும் கோலாக ஆக வேண்டாம். ஒரு தரத்தை ஓராண்டு பிந்தி எடுத்ததனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை.

படிமுறைக்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தக் கண்டியிலேயே அது உண்டு. எசல பெரஹராவிலே வீதி அதிரக் கேட்கிறோமே, அந்தக் கண்டி மேளம், அதனைப் பயிலும் சிறுவனின் முதற் பாடம் நான்கு சொற்கள்: தத், ஜித், தொம், நம். நம் மிருதங்க வகுப்பிலே பிள்ளையின் முதற் பாடம் என்ன? தத், தித், தொம், நம். இரு மொழி, இரு மரபு, வாசல் ஒன்றே! இரண்டு ஆசிரியரும் முதலில் நான்கு அடியைத்தான் கையிலே வைக்கிறார்கள். கண்டி நடனத்திலும் அப்படியே. பாதப் பயிற்சியிலே தொடங்கிப் பல்லாண்டு பயின்ற பின்னரே வெஸ் என்னும் முடியை அணியும் உரிமை மாணவனுக்குக் கிடைக்கிறது. நல்ல நேரம் பார்த்து, சடங்கு செய்து, அம்முடியைத் தலையிலே அணிவிக்கிறார்கள். "நீ தகுதி பெற்றாய்" என்று ஊரறியக் குரு சொல்லும் அந்தச் சொல்லைவிட மாணவனுக்கு வேறென்ன துணிவு வேண்டும்?

நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மாதவி 5 ஆம் வயதிலே பயிலத் தொடங்கி, 7 ஆண்டு பயின்று, 12 ஆம் வயதிலே அரங்கேறுகிறாள். அவளுக்கு வாய்த்த ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். மாணவியின் திறமையைச் சொல்ல வந்த புலவர், முதலில் ஆசிரியரின் தகுதியை அன்றோ சொல்கிறார்! இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், 1947 இல் அரங்கேற்றிய யாழ்நூலுக்கு இந்தக் காதையையே அடிப்படையாகக் கொண்டார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

அந்தத் தண்ணுமையாசிரியனின் இலக்கணம் ஒன்று எம் மனத்தை மிகவும் கவர்ந்தது. பாடுவோரிடத்தும் வாசிப்போரிடத்தும் குறை நேர்ந்தால் தன் கைத்திறத்தால் அக்குறையை நிரப்ப வேண்டும். மிகை நேர்ந்தால் அதனை அடக்க வேண்டும். இரண்டும் அளவு கடவாமல் நடக்க வேண்டும். இது மத்தளக்காரருக்குச் சொன்ன இலக்கணமானாலும், எல்லாச் சங்கீத ஆசிரியரும் நெஞ்சிலே எழுதிவைக்க வேண்டிய இலக்கணம். குறையை நிரப்புகிறவரே ஆசிரியர். குறையைச் சபைக்குச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறவருக்கு வேறு பெயர்தான் இட வேண்டும்.

சரி, பிழை திருத்தாமல் சங்கீதம் கற்பிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. சுருதி விலகினால் விலகிற்று என்று சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் கையாளும் சில முறைகளை இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

ஒரு நேரத்தில் ஒரு பிழையை மாத்திரம் திருத்துக. சுருதியும் தவறி, தாளமும் தவறி, உச்சரிப்பும் தவறினால், முதலிலே சுருதியை எடுத்துக்கொள்க. மற்றவை அடுத்த கிழமைக்கு நிற்கட்டும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளைக்கு எஞ்சுவது "எனக்கு ஒன்றும் வராது" என்னும் எண்ணமே. பிழை விட்ட இடத்தைப் பிழையாகப் பாடிக்காட்டிப் பரிகசியாமல், சரியாக இரண்டு முறை பாடிக்காட்டுக. பிள்ளை வாய் திறக்குமுன் காது திறக்க வேண்டும். சுருதிப் பெட்டியை வைத்துவிட்டு, பாடாமல் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் கேட்கச் செய்க. பின்னர் எல்லோரும் சேர்ந்து பாடட்டும், அதன்பின் இருவர் இருவராக, அதன்பின் ஒருவர். கூட்டத்திலிருந்து தனிமைக்குப் போகும் இந்த மூன்று படியையும் ஒவ்வொரு பாடத்திலும் கடந்த பிள்ளை, ஓராண்டிலே தனித்துப் பாடுவதைப் பெரிதாக எண்ணாது. ஒரு வரி மிகக் கடினமானால் காலத்தைக் குறைத்து, வரியைப் பிரித்து, நான்கு சுவரமாகக் கொடுக்க. பாடம் முடியும்போது பிள்ளைக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பாடவைத்தே வீட்டுக்கு அனுப்புக. கடைசியாகப் பாடியதுதான் வழியெல்லாம் காதிலே ஒலிக்கும்.

புகழ்வதிலும் அளவும் பொருளும் வேண்டும். எதற்கெடுத்தாலும் "மிக நன்று" என்று சொன்னால் அந்தச் சொல் விரைவிலே செல்லாக் காசாகும். பிள்ளைகள் மிகக் கூர்மையானவர்கள். பொய்ப் புகழைக் கண்டுகொள்வார்கள். "இன்று மேல் சட்ஜத்திலே குரல் அசையாமல் நின்றது" என்று சொன்னால், தான் எதைச் சரியாகச் செய்தது என்று பிள்ளைக்குத் தெரியும். மறுநாளும் அதனைச் செய்யலாம். "நீ பிறவிப் பாடகன்" என்று சொன்னாலோ, அடுத்த முறை தவறும்போது அந்தப் பிறவிப் பெருமை உடைந்து விழும். உழைப்பைப் புகழ்ந்தால் பிள்ளை மேலும் உழைக்கும். பிறவித் திறமையைப் புகழ்ந்தால் அதனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி ஒதுங்கும். இக்காலத்து உளவியலாரும் சோதனை செய்து இதனைச் சொல்லியிருக்கிறார்கள்.

இகழ்ச்சியைப் பற்றியும் ஒரு சொல். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, பொள்ளற்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமைகளாற் சொல்லியிருக்கிறார். இதனைப் படித்த சிலர் பிள்ளையைக் கண்டவுடன் "இது எருமை வகை" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அதே பாயிரத்திலே ஆசிரியருக்கு உவமையாக முனிவர் எதனைச் சொன்னார் என்பதை மறந்துவிடுகிறார்கள். நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் சொன்னார். உழுபவன் கீறினாலும் பொறுத்து விளைவு தருவது நிலம். முகம் மலர்ந்து ஏற்பது மலர். பொறுமையும் மலர்ச்சியும் இல்லாத இடத்திலே எந்த மாணாக்கர் அன்னமாவார்?

"உனக்குச் சாரீரம் இல்லை" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு முன் நாம் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) இளமையிலே இனிய குரல் வாய்க்கப் பெற்றவர் அல்லர். வாய்ப்பாட்டை விட்டு வாத்தியத்தைப் பயிலும்படி அவருக்குச் சொன்னவர்களும் உண்டு. அவரோ இடைவிடாத சாதகத்தினாலே குரலைத் தமக்கு ஏவல் செய்வித்தார். 1947 இல், 39 ஆம் வயதிலே, சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவரைத் தேடி வந்தது. அந்தச் சிறுவன் அன்றே சோர்ந்து வாய்ப்பாட்டை விட்டிருந்தால் நட்டம் யாருக்கு?

இங்கே வாலிபர் சங்கத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நம் சங்கீத வகுப்புகளிலே பதின்மூன்று, பதினான்கு வயதுக்குமேல் ஆண் பிள்ளைகளைக் காண்பது அரிதாகிறது. படிப்புச் சுமை ஒரு காரணம், விளையாட்டு இன்னொன்று. மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வயதிலே ஆண் பிள்ளையின் குரல்வளை பெருத்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைக்கும் குரல் மாறுகிறது. ஆயினும் இரண்டு மூன்று சுவரத்தானங்களுக்கு மேல் இறங்குவதில்லை. வகுப்பிலே பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். சுருதி ஐந்து கட்டையிலே நிற்கிறது. நேற்றுவரை மணி போலப் பாடிய பையனுக்கு இன்று மேலே எட்டவில்லை. கீழே வந்தால் காற்றுத்தான் வருகிறது. நடுவிலே குரல் பிளக்கிறது. பக்கத்தில் இருப்போர் சிரிக்கிறார்கள். அடுத்த கிழமை அவன் வருவதில்லை. அவனுக்கு ஞானம் குறைந்தா போயிற்று? வளர்ச்சியே அவனுக்குத் தண்டனையாயிற்று!

ஆசிரியர் இதனை முன்கூட்டியே பையனிடமும் பெற்றோரிடமும் சொல்லிவைக்க வேண்டும். "உன் குரல் மாறப்போகிறது, அது நோயன்று, சில மாதமோ ஓரிரண்டு ஆண்டோ கழித்து உறுதியான குரல் வரும்" என்று சொன்னால் பாதி அச்சம் தீர்ந்துவிடும். அக்காலத்திலே அவனை உரத்த குரலிற் பாட விடலாகாது. வசதியாக வரும் ஐந்தாறு சுவரத்துக்குள்ளே மெல்லப் பாடச் செய்யலாம். ஆண் பிள்ளைகளுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கி, சுருதியை ஒன்று அல்லது இரண்டு கட்டைக்கு இறக்கிக் கொடுக்கலாம். தாளம் போடுதல், சுவரம் எழுதுதல், மிருதங்கம், வயலின் என்று வேறு வாசல்களையும் திறந்துவிடலாம். வகுப்போடு அவனுக்குள்ள தொடர்பு மாத்திரம் அறக் கூடாது. இவ்வளவும் செய்ய ஆசிரியருக்குப் பணம் வேண்டியதில்லை. கொஞ்சம் நினைவு போதும்.

இனி, நகரத்துக்கு வெளியே செல்வோம். கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனியா, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கீதம் யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைகளின் சொத்து என்ற எண்ணம் இருக்கிறது. வகுப்பின் வாசலிலேயே அவர்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஆனால் உண்மை என்ன? தாலாட்டும் கும்மியும் கேட்டு வளர்ந்த காது அது. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும்போது, தப்பின் அடிக்கு விடிய விடியக் கால் வைத்த உடல் அது. லயம் என்னும் செல்வத்தை அந்தப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. யப்பான் தேசத்து வயலின் ஆசிரியர் சினிச்சி சுசூக்கி (1898–1998) சொன்னதும் இதுதான்: குழந்தை பேசுமுன் தாய்மொழியைப் பலகாலம் கேட்டுக் கற்பது போலவே இசையையும் கேட்டுக் கற்க வேண்டும். நாம் அதனைக் கேள்வி ஞானம் என்கிறோம். ஆகவே ஆசிரியர் முதல் நாளிலே "உனக்குத் தெரிந்த பாட்டு எது?" என்று கேட்டு, அதற்குத் தாளம் போட்டுக் காட்டி, "இது நம் ஆதி தாளத்துக்குள் அடங்குகிறது பார், இது திச்ர நடை பார்" என்று சொல்லட்டும். தன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, இல்லாததைக் கற்க அஞ்சாது.

நம் பக்கத்திலுள்ள பேராதனையிலே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். அதுவரை கிராமத்தார் கலையென்று ஒதுக்கப்பட்ட கூத்தினைப் பட்டப்படிப்பு மாணவர் மத்தளத்துக்கு ஆடிப் பாடியதை நாடு கண்டது. கூத்துப் பயிற்சி முறையிலே ஒரு சிறப்பைக் காண்க. அண்ணாவியார் பாடலைத் தொடக்கிக் கொடுப்பார், கூத்தர் பாடுவார், பிற்பாட்டுக்காரர் அவ்வரியை ஏந்திப் பாடுவர். பாடுகிறவர் தடுமாறினாலும் பாட்டு விழுவதில்லை, பிற்பாட்டு தாங்கிக்கொள்ளும். கூச்சமுள்ளவன் முதலிலே பிற்பாட்டிலே நிற்கலாம். தன்னைப் போன்ற இன்னொருவன் முன்னே நின்று பாடுவதைக் காணலாம். "அவனால் முடியுமென்றால் என்னாலும் முடியும்" என்று ஒருநாள் முன்னே வரலாம். பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று இதுவே. ஆகவே வகுப்பிலே ஓராண்டு மூத்த மாணவரைக் கொண்டு புதியவருக்குச் சரளி சொல்லிக்கொடுக்கச் செய்தால், இருவருக்கும் துணிவு வளரும். பெரிய வித்துவானைப் பார்த்துப் பிள்ளை வியக்கும். அடுத்த வீட்டு அக்காளைப் பார்த்துத்தான் பின்பற்றும்.

மேடை அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய் உலர்வதும், கை குளிர்வதும், நெஞ்சு படபடப்பதும் உடலின் இயல்பு. தேர்ந்த பாடகருக்கும் அவை உண்டு. பிள்ளைக்கு இதனைச் சொல்லிவைத்தால், "எனக்கு மட்டும் இப்படி ஆகிறதே" என்னும் கலக்கம் நீங்கும். மேடைக்கென்று புதுப் பாட்டைக் கற்பிக்க வேண்டாம். ஆறு மாதமாய்ப் பாடிப் பழகிய பாட்டையே பாடச் செய்க. முதல் நாளே பிள்ளையை அந்த மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, இருக்கப் போகும் இடத்திலே இருத்தி ஒரு முறை பாடச் செய்க. பாடுமுன் தம்புரா ஒலியிலே நாலு மூச்சு அமைதியாக இருக்கட்டும். நடுவிலே வரி மறந்தால் எந்த இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதையும் பழக்கிவைக்க வேண்டும். விழாமல் நடப்பதற்கு மாத்திரம் பழக்குவது போதாது; விழுந்தால் எழும்பவும் பழக்க வேண்டும்.

இக்காலத்திலே கைத்தொலைபேசி வந்துவிட்டது. அதிலே சுருதிப் பெட்டியும் உண்டு. உலகத்து வித்துவான்களின் கச்சேரியும் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் பாட்டை அதிலே வரும் அற்புதக் குழந்தையின் பாட்டோடு ஒப்பிடும் வழக்கம் துணிவுக்கு நஞ்சு. அதே தொலைபேசியிலே மாதம் ஒருமுறை பிள்ளையின் பாட்டைப் பதிவுசெய்து, சென்ற தை மாதத்துக் குரலையும் இந்த ஆடி மாதத்துக் குரலையும் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடும் பிள்ளைக்குப் பொறாமையும் இல்லை, சோர்வும் இல்லை.

பெரியோர்களே, ஆசிரியரிடம் இவ்வளவு கேட்ட நாம் உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை சாதகம் செய்யும் காலை வேளையிலே "சத்தம் போடாதே" என்று சொல்லாதீர்கள். உறவினர் வந்தவுடன் "ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று திடீரென நிறுத்தாதீர்கள். சபையிலே ஒரு பிள்ளை தடுமாறினால் சிரிப்பதை விடுங்கள். ஆசிரியர் ஓராண்டு கட்டிய துணிவை ஒரு சிரிப்பு ஒரு நொடியிலே இடித்துவிடும்.

வாலிப அன்பர்களே, நீங்கள் செய்யக்கூடியது நிரம்ப உண்டு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். கதிரேசன் கோயில் மண்டபத்திலோ, கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலிலோ, பேராதனைக் குறிஞ்சிக் குமரன் சந்நிதியிலோ, ஆலயத்தாரின் அநுமதி பெற்று, ஒரு பாயும் ஒரு சுருதிப் பெட்டியும் வையுங்கள். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், நடுவர் வேண்டாம். முதலிலே எல்லோரும் கூடி ஒரு தேவாரம். பின்பு விரும்பிய பிள்ளைகள் தனித்து ஒவ்வொரு பாட்டு. தோட்டத்துப் பிள்ளை தன் ஊர்க் கும்மியைப் பாடினாலும் அதே மரியாதை. திரும்பிப் போகும் பேருந்துச் செலவு சிலருக்குத் தடையாயிருக்கும். சங்கம் அதனை ஏற்கட்டும். குரல் மாறும் வயதுப் பையன்களைத் தாளம் போட முன் வரிசையிலே இருத்துங்கள். ஓராண்டு இவ்வாறு நடத்திப் பாருங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே இறைவணக்கம் பாடுவதற்கு ஆள் தேட வேண்டியிராது. யாரை விடுவது என்பதே உங்கள் கவலையாயிருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் வித்துவான்கள் ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. ஆயினும் சங்கீதம் பயின்ற ஒவ்வொரு பிள்ளையும், நாற்பது வயதிலும் அறுபது வயதிலும், கோயிலிலே நின்று ஒரு பதிகத்தைக் கூசாமற் பாட முடிய வேண்டும். தன் குழந்தைக்கு ஒரு தாலாட்டைச் சுருதி சேர்த்துப் பாட முடிய வேண்டும். அது முடிந்தால் ஆசிரியர் வென்றார். முடியாவிட்டால் எத்தனை சான்றிதழ் இருந்தும் பயனில்லை. குறையை நிரப்பி, மிகையை அடக்கி, படிப்படியாய்க் கைப்பிடித்து ஏற்றும் ஆசிரியர்கள் நம் கண்டி நகரிலே பெருகுவார்களாக. அவர்களுக்குத் தோள் கொடுக்க இந்தச் சங்கம் முன்வருவதாக.